மூன்றாம் தேதிக்கும் ஏழாம் தேதிக்கும் நடுவில்

பீடோர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
உரக்கடைக்கு மேல்மாடி.
படியேறும்போதே யூரியா வாடை.
நாலு தொலைக்காட்சி, ஆறு நாற்காலி,
ஒரு மணி நேரத்துக்கு இரண்டு வெள்ளி.
இதுதான் என் கடை.

வட்டு விற்ற வரைக்கும் கணக்கு எளிது.
ஒரே பந்தாட்ட வட்டு
ஒரு வருஷத்தில் பதினோரு கை மாறியது.
லோரி கிளீனர் தனேஸ்வரன் விற்றதை
ஆலை எடைமேடை கிளார்க் வாங்கி,
அவர் விற்றதைத் தனேஸ்வரனே மறுபடி வாங்கினான்,
மகன் கீறிய கீறலை வைத்து அடையாளம் கண்டு.
ஒவ்வொரு கைக்கும் எனக்கு ஐந்து வெள்ளி.
கம்பெனிக்கு ஒரு சென் கிடையாது.
அது அங்கே யாருக்கோ உறுத்தியிருக்க வேண்டும்.

இப்போது வரும் பெட்டிக்கு வாயில்லை.
வட்டு தின்னாது.
வங்கி அட்டையின் எண்ணைத் தின்னும்,
மாதம் தவறாமல்.

பெட்டியை அடக்க விலைக்கும் கீழே தள்ளுகிறார்கள் என்றான்
விற்பனைக்கு வரும் கொக் வெங்.
"நஷ்டத்துக்கா?"
"தூண்டில்காரனுக்குப் புழு நஷ்டமா, அக்கா?"
அவன் தமிழ் என் தமிழைவிடச் சுத்தம்.
என் ஐஸ் மைலோவையும் அவனே குடித்து முடித்தான்.

நீலப் பெட்டிக்கும் பச்சைப் பெட்டிக்கும்
கடலுக்கு அப்பால் போர்.
காயம் மட்டும் இங்கே.
யுகேந்திரனும் அவன் சித்தப்பா மகன் கிரிஷாந்தும்
எந்தப் பெட்டி பெரிது என்று
ஒரு கல்யாணப் பந்தியில்
அப்பளத்தை நொறுக்கி எறிந்துகொண்டார்கள்.
போன மாசம் அறிவிப்பு வந்தது:
பச்சைக்காரனின் உயிர்விளையாட்டு
இனி நீலப் பெட்டியிலும்.
முதலாளிகள் கைகுலுக்கியாயிற்று.
யுகேந்திரனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சந்தா முதலில் இருபத்தொன்பது வெள்ளி.
முந்நூறு விளையாட்டு.
எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்,
காசு நின்ற நாள் இலையை உருவிவிடுவார்கள்.
பிறகு முப்பத்தேழு.
பிறகு, மன்னிக்கவும் என்று தொடங்கும் ஒரு கடிதத்தோடு,
நாற்பத்தொன்பது.
செம்பனைக் குலை விலை உச்சிக்குப் போனபோதும்
வெட்டுகிறவன் சம்பளம் இப்படி ஏறியதில்லை.

சந்தா பிடிக்கிற நாள் மூன்று.
தோட்டத்தில் சம்பளம் ஏழு.
மூன்றாம் தேதி கணக்கில் பதினொரு வெள்ளி கிடக்கும்.
பெட்டி பூட்டிக்கொள்ளும்.
ஏழாம் தேதி நிலுவை கட்டினாலும்
அடுத்த மாதம் மறுபடி மூன்றுதான்.
காசு கொடுத்து வாங்கிய ஜெர்சி, பாதி ஏறிய மலை,
எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால்.

அந்த நாலு நாள்
என் படிக்கட்டில் செருப்பு விட இடமிருக்காது.
வங்காளதேசத்து சொபுஜ் வருவான்,
குலை வெட்டிய கையைக் கழுவிக்கொண்டு.
கோல் போட்டாலும் சத்தம் போடமாட்டான்,
நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துக்கொள்வான்.
பழைய பெட்டி, கீறல் விழுந்த வட்டு.
கடை வாடகை, மின்சாரம், என் பசியாறல்,
எல்லாம் அந்த நாலு நாளில்.

கொக் வெங்கின் பட்டியலில் என் பெயர்
சந்தா அட்டை விற்பனை மையம்.
அட்டைக்கு ஒரு வெள்ளி இருபது சென்.

நேற்று ஆறாம் தேதி.
கிரிஷாந்தின் தங்கை நவீஷா, பன்னிரண்டு வயசு,
காசைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள்.
"அக்கா, இந்த மூணை ஏழா மாத்த முடியுமா?"

முடியும்.
ரத்து செய்துவிட்டுச் சம்பள நாளில் புதிதாய்ச் சேர்ந்தால் போதும்.
மூன்று தட்டு.
நாலாவதில், நிச்சயமா என்று கேட்கும்.

கீழே உரமூட்டை இறக்கினார்கள்.
அவளுக்குத் தரவேண்டிய சில்லறையை எண்ணினேன்.
மறுபடி எண்ணினேன்.
"ஏழாம் தேதி அப்பாவோட போனைக் கொண்டா."
"அது நாளைக்குத்தானே?"
"ஆமா" என்றேன்.
"இன்னிக்கு ஆடு."