ஏழு கிலோ நானூறு

எழும்பூரில் பயிற்சி வகுப்பு.
ஏசி அறை, ஆளுக்கொரு சமோசா.
திரையில் இந்தியா விரிந்தது,
எடை குறைந்த பிள்ளைகளின் கணக்குப்படி
வண்ணம் பூசிக்கொண்டு.
நடுவிலும் கிழக்கிலும் அடர்சிவப்பு.
கீழே நம் மாநிலம் மட்டும்
அப்போதுதான் தண்ணீர் தெளித்த
கொத்துமல்லிக் கட்டு.
"நாம பரவால்ல" என்றார் பேசியவர்.
கைதட்டினோம். நானும்தான்.
அந்தப் பச்சைக்குள் கொருக்குப்பேட்டை எங்கே என்று
கடைசி வரிசையிலிருந்து தேடினேன்.
புள்ளி வைக்கக்கூட இடமில்லை.

மறுநாள் எடை நாள்.
உத்திரத்தில் தராசு,
கால்சட்டை மாதிரி தொங்கும் பை.
உள்ளே போனதும் பிள்ளை அலறும்,
முள் அலறலுக்கும் சேர்த்து ஆடும்.
அடங்குகிற ஒரு நொடியில் படித்துவிட வேண்டும்.
கூட்ஸ் வண்டி போனால் அதுவும் கிடையாது:
சுவர் நடுங்கும்,
இருநூறு கிராம் கூடிக் குறையும்.

மெர்ஸியின் மகன் யோவான், பதினாலு மாசம்.
ஏழு கிலோ நானூறு.
மெர்ஸி காசிமேட்டில் இறால் உரிக்கிறாள்.
விடிகாலை மூணு மணிக்கு ஐஸ் தண்ணீரில் வைத்த கையைப்
பதினோரு மணிக்கு எடுப்பாள்.
உரித்தது கப்பலுக்கு. தலையைத் தனியாகப் போடணும்,
அதுக்கும் ஒரு விலை இருக்கிறது.
"வூட்ல இன்னா குடுத்த?"
"ரசஞ்சோறுக்கா. பிஸ்கோத்து, டீல தோச்சு."
யோவான் அவள் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.
கடல் அவனுக்கு
அவ்வளவுதான் வருகிறது.

(என் நாத்தனார் கஸ்தூரியும் உரிக்கிறாள்,
அடையாறில் ஒரு வீட்டில், பாதாம்.
ராத்திரி ஊறவைத்து, காலையில் தோல் நீக்கி,
பால்கனி பால்கனியாகப் பின்னாலேயே ஓடணும்.
அந்தப் பிள்ளை துப்பும்.
இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.
அதே பச்சை.)

அப்புறம் பசந்தி.
அந்தச் சிவப்பிலிருந்து
இரண்டு ராத்திரி ரயிலில் கக்கூஸ் கதவோரம் உட்கார்ந்து
இந்தப் பச்சைக்கு வந்தவள்.
எந்த ஸ்டேஷனில் பிள்ளை நிறம் மாறினான் என்று கேட்க
எனக்கு ஒடியா தெரியாது.
அவளுக்குத் தமிழில் "சாப்பிட்டாச்சா" மட்டும் தெரியும்.
என்னைக் கேட்டாள்.
அவளை நான் கேட்கவில்லை.
லிபுனைத் தூக்கிப் பையில் வைத்தேன்.
அதே பதினாலு மாசம்.
அவன் அழவில்லை. அதுதான் எனக்குத் திக்கென்றது.
முள் ஆடாமல் நின்றது:
ஏழு கிலோ நானூறு.

மெர்ஸி எட்டிப் பார்த்தாள்.
"இன்னாக்கா, தராசு மாட்டிக்கிச்சா?"
லிபுனை இறக்கிவிட்டுப் பையை இழுத்து விட்டேன்.
ஒழுங்காகப் பூஜ்யத்துக்கு வந்தது.
பாவம், அது பயிற்சி வகுப்புக்குப் போனதில்லை.

சத்துமாவு பாக்கெட் இருபத்தாறு.
பெயரும் இருபத்தாறு.
இருபத்தேழாவது பெயருக்குப் போனில் இடமில்லை,
எண்ணைக் கேட்டது, அட்டையைக் கேட்டது,
நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
ஒரு பாக்கெட் எலி கடித்தது என்று எழுதி
பசந்தியின் முந்தானையில் போட்டேன்.
நல்லவேளை,
எலிக்கு யாரும் ஆதார் கேட்பதில்லை.

நாலு வாரம் எலி கடித்தது.
அஞ்சாவது வாரம் வட்டம் நின்று
பெயரை விழுங்கிக்கொண்டது.
அன்று சாயங்காலமே மேடம் கூப்பிட்டார்:
"உங்க சென்டர் கோடு ஏன் இறங்குது?"
"ஒரு புள்ள புதுசா சேந்துருக்குது மேடம்."
"எந்த ஊரு?"

கேட் மூடி இருந்தது, கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது,
அறுபது பெட்டியாவது இருக்கும்.
செருப்பு விடும் இடத்தில் லிபுன்
என் ஒற்றைச் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.
பிடுங்கினேன். அழுதான்,
வண்டிச் சத்தத்தையும் மீறி,
முதல் தடவையாக.

"இந்த ஊருதான் மேடம்" என்றேன்.