ஆணி

பீடோங்கில் பதினேழு விளக்குக் கம்பங்களில்
என் முகம் தொங்குகிறது.
பல்லெல்லாம் தெரியும். கீழே கைப்பேசி எண்.
ரயில் கேட் பக்கத்துப் பலகையில்
மழை பட்டு ஒரு கண் வெளுத்துவிட்டது.
அதைப் பார்த்துத்தான் ரெங்கநாயகி அழைத்தாள்:
"அக்கா, அந்தத் தொண்ணூத்தஞ்சாயிரம் வெள்ளி வீடு
இன்னும் இருக்கா?"

இருந்தது.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
போன வருஷம் அதே வரிசையில் நாலு வீட்டை
பினாங்குக்காரர் ஒருவருக்கு
ஒரே மதியத்தில் முடித்துக் கொடுத்தவள் நான்.
ரொக்கம். கேள்வி கிடையாது.
இன்று அந்த நாலிலும் வாடகைக்கு இருப்பது
தோட்டத்து லயத்தை இடித்தபோது வெளியே வந்தவர்கள்.
அவர்கள் கட்டும் வாடகையும்
பேங்கின் மாதத் தவணையும்
ஏறக்குறைய ஒரே தொகை.
இந்தக் கணக்கு எனக்கு அப்போதும் தெரியும்.

நாலில் ஒன்றில்தான் ரெங்கநாயகி இருக்கிறாள்.
கையுறை ஆலையில் இரவு ஷிப்ட்.
புருஷன் சேதுமணி செம்பனைக் குலை ஏற்றுகிறவன்,
சம்பளம் தவுக்கே கையில் கொடுப்பது.
பேங்க் சீட்டு கேட்டது.
அவள் மைலோ டின்னைத் திறந்து
சீட்டுப் பண நோட்டை எடுத்து நீட்டினாள்.
"எங்க வீட்ல இருக்கற சீட்டு இதுதான்."
அதை மட்டும் திரும்ப டின்னுக்குள் போடச் சொன்னேன்.

சம்பளச் சீட்டு இல்லாதவர்க்கும் ஒரு வழி உண்டு.
பன்னிரண்டு பக்க பாரம், எல்லாம் மலாயில்.
கடை மூடியபின் மேசையில் பரப்பி
மூன்று இரவு உட்கார்ந்தோம்.
சேமநிதிக் கணக்கு, கரண்ட் பில்,
சேதுமணி கால் உடைந்து கிடந்தபோது
மோட்டார் லோனில் தவறிய மூன்று மாதம்.
அதற்கொரு கடிதம் வாங்க
மோட்டார் கடை வாசலில் நான் நின்றது தனிக்கதை.

முதலாளி ஓங் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார்.
உன் பங்கு ஆயிரத்து நானூற்று இருபத்தைந்து,
பெட்ரோலைக் கழித்துப் பார்.
கழித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

ஆறாம் நாள் பினாங்குக்காரர் செய்தி:
தொண்ணூற்றெட்டு. ரொக்கம். இன்றைக்கே.

வீட்டுக்காரர் பாக் ஹாரூனிடம் மறைக்கவில்லை.
மறைத்தால் என் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள்,
அதுவும் ஒரு காரணம்.
மூவாயிரம் வெள்ளி அதிகம், பாக். ஆனால்
இவர்களுக்கு இன்னும் பதினாலு நாள் வேண்டும்.
அவர் வெளியே போய்
எதிர்வீட்டுச் சாக்கடையைப் பார்த்தபடி நின்றார்.
அதில் தேங்கிய நீர், பிளாஸ்டிக் பை, கொசு.
"பக்கத்து வீட்டில் என் தம்பி இருக்கிறான்.
அந்த ஆள் இங்கே ஒருநாளும் சாக்கடை கழுவமாட்டான்.
பதினாலு நாள்" என்றார்.
அதற்குமேல் ஒரு நாள் கிடையாதாம்.

பேங்க் பதிமூன்றாம் நாள் மாலை நாலரைக்குக் கூப்பிட்டது.

சாவி கொடுத்த அன்று
முன்னறைச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே கேட்டாள்:
"அக்கா, ஆணி அடிக்கலாமா?"

யாரைக் கேட்கிறாள்?
ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாருமில்லை.
வாடகை ஒப்பந்தம், ஆறாம் பிரிவு:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
டைப் செய்தவள் நான்.

"என்னைக் கேட்காதே" என்றேன்.
குரல் கொஞ்சம் கடுமையாக வந்துவிட்டது.

சேதுமணி ஓங்கி அடித்தான்.
முதல் ஆணி வளைந்தது.
இரண்டாவது இறங்கியது, கூடவே ஒரு பிடி சாந்தும் உதிர்ந்தது.
"வெறும் மணலு! எவன் கட்டினான் இதை?"
வீட்டுக்குச் சொந்தக்காரன் குறை சொல்கிற
அந்தத் தோரணை அதற்குள் வந்திருந்தது.

வெளியே வந்து
எதிர்க் கம்பத்தில் என் பலகையைப் பிடுங்கினேன்.
கீழ் மூலை ஆணி மட்டும் வரவில்லை.
பாதி முகம் கையோடு கிழிந்து வந்தது.

காரில் ஏறும்போது கைப்பேசி அதிர்ந்தது.
பினாங்குக்காரர்.
அந்தப் பக்கம் வேறு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது.
இன்னும் பதில் போடவில்லை.