நோக்கம்

மால்மோவில் பனி சேறாகிக்கொண்டிருந்த திங்கள்கிழமை.
வார்சமே தொள்ளாயிரம் குரோனரை எண்ணிக்
கண்ணாடிக்கடியில் தள்ளினார்.
பெலத்வெய்னுக்கு, அக்கா பெயருக்கு.

நோக்கம் என்ன என்றேன். கேட்கச் சொல்கிறது சட்டம்.
"அண்ணனுக்குக் கஃபன் துணி."

திரையில் வாடகை உண்டு, படிப்பு, மருந்து, கடன்.
சாவு இல்லை.
'மற்றவை'யை அழுத்தினேன்.
சிவப்பு.

இதே பெயரில் எவனோ ஒருவன்
தடைப்பட்டியலில் இருக்கிறானாம்.
பிறந்த தேதியும் ஒன்றே:
தேதி தெரியாமல் வந்தவர்களையெல்லாம்
ஜனவரி ஒன்றில்தான்
பிறக்கவைத்திருக்கிறோம்.

மூன்று வேலைநாள் ஆகும்.
"பொழுது சாய்வதற்குள் அடக்க வேண்டுமே" என்றார்,
என்னிடம் அல்ல,
சுவர்க் கடிகாரத்திடம்.

வியாழனன்று வந்தார்.
துணியை யாரோ கைமாற்றாகக் கொடுத்தார்களாம்.
நான் வாய் திறக்குமுன்
"கடன்" என்றார்.

பச்சை.

ரசீதை ஒருமுறை மடித்தார்,
பிறகு இன்னொரு முறை,
மடிக்க முடியாத அளவுக்கு.