கை படாத தண்ணீர்

ஐப்பசி மழை விட்ட நாலாம் நாளிலிருந்து
புகை மெஷின் என் வலது தோளில்.
டீசலும் மருந்தும் கலந்த வாடை
தலைக்கு ஊற்றினாலும் காதுமடலில் மிச்சமிருக்கும்.
அதனால் காக்கிச் சட்டை
மாடிப்படிக் கம்பியோடு நின்றுவிடும்.
வெற்றுடம்பாய் உள்ளே நுழைவேன்.
ஒச்சம்மா சோப்பை நீட்டுவாள்:
'ரெண்டு தரம்.'

டிவி இருந்த இடத்தில்
ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி.
உள்ளே, மிளகாய்வற்றலின் காம்பளவு நீளத்தில்,
வற்றலின் நிறத்தில், இறால்கள்.
கீழவாசல் கடையில் பத்து வாங்கினோம்.
என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றார் கடைக்காரர்.
சொன்னேன்.
நீட்டிய பையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.
'கொசு தாங்குறதைக்கூட இதுக தாங்காது அண்ணே.'

அன்றிலிருந்து அந்தத் தண்ணீரில் என் கை பட்டதில்லை.
நான் சொல்வேன், அவள் செய்வாள்.

குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து
இரண்டு நாள் மூடாமல் வை.
குளோரின் போகட்டும்
(அதுவும் எங்கள் ஆபீஸ் மருந்துதான்).
மொத்தத்தையும் மாற்றாதே. வாரத்துக்கு நாலு செம்பு, அதையும்
சுவரோரமாய், சொட்டுச் சொட்டாய்.
செம்பு மட்டும் ஆகவே ஆகாது, பட்டால் செத்துப்போகும்.
'இது எவர்சில்வர் செம்புய்யா' என்றாள்.
பெயரில் இருக்கும் செம்பு
ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறேன்.

சந்தைக் கீரை வேண்டாம்.
மொட்டைமாடியில் பெயின்ட் டப்பாவில் முளைத்த பசலை,
வெந்நீரில் ஒரு முக்கு.
அக்னி நட்சத்திரத்தில் தொட்டியே
வெந்நீராகப் பார்த்தது.
ஐஸ் கட்டிய பாட்டிலை மிதக்கவிட்டு
ராத்திரி முழுக்க விசிறிக்கொண்டிருந்தாள்.
எனக்கு ஒருநாளும் விசிறியதில்லை.

வியாழக்கிழமைப் பட்டியலில் எங்கள் தெரு.

முனையில் நின்று போன் செய்தேன்.
காற்று மோட்டாரை நிறுத்து,
அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்.
தொட்டி மேல் ஈரத்துணி. கதவிடுக்கில் என் பழைய வேட்டி.
'ஒண்ணு சினையா இருக்கு.'
தெரியும் என்றேன்.
வேறெதுவும் அவள் கேட்கவில்லை.
நானாகத்தான் நினைத்தேன்,
நம் வாசலில் மட்டும் வால்வைக் குறைத்தால் என்ன?
கீழ்வீட்டு ஜெய்லானிக்கும் அதே வாசல்தான்.
அவர் மகள் ஐந்து நாளாய்ப் பெரியாஸ்பத்திரியில்,
ரத்தத்தில் தட்டு குறைந்துகொண்டே போகிறது.

குறைக்கவில்லை.
புகை எங்கள் படியேறிப் போனது,
யார் வீடென்று தெரியாமல்.

அன்றிரவு மூன்று தரம் குளித்தும்
வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.
மோட்டாரைப் போட்டாள். துணியை எடுத்தாள்.
டார்ச் வெளிச்சத்தில் எண்ணினாள்.
'பதினாறு... இரு, இது அங்குட்டு இருந்ததுதானே?'
அப்புறம் குரல் இறங்கியது.
'ஒண்ணு மல்லாந்து கிடக்கு. வெளுத்திருச்சு.'

அதன்மேல் டார்ச் அடி. வெளிச்சம் உள்ளே போகிறதா?
'போகுது.'
உடம்பு இருக்கிறதா?
'இல்ல. கண்ணு இருந்த இடங்கூட வெறும் கூடு.'
அப்படியென்றால் அது சட்டை.
கழற்றிப் போட்டுவிட்டு எங்கேயோ ஒளிந்திருக்கிறது.
எடுக்காதே, அதைத் திரும்பத் தின்னும்.
அடுத்த சட்டைக்குச் சுண்ணாம்பு அதில்தான் இருக்கிறது.

'சினை இறாலோட சட்டையா?'
அப்படியென்றால் முட்டையும் அதோடு போயிருக்கும்.
அதை நான் சொல்லவில்லை.
அவள் மறுபடி எண்ணத் தொடங்கினாள்,
பதினைந்து, பதினேழு.
எண்ண எண்ண நகர்கின்றன.
'நகர்ந்தாச் சரி' என்றாள்.

கீழே விளக்கு எரியவில்லை.
ஜெய்லானி வீட்டுப் பூட்டில் இன்னும் மருந்து வாடை.
படிக்கம்பியில் என் சட்டை.
அதைத் தின்ன ஆளில்லை.
விடிந்தால் மீனாம்பாள்புரம்,
அதையேதான் போட்டுக்கொண்டு போகணும்.