தேய்மானம்

கோப்பகபானா கோயில் வாசலில்
அன்று நாற்பத்தொரு வண்டிகள்.
என் லாரி இருபத்தேழாவது.
முகப்பில் கிளாடியோலஸ் மாலை,
கண்ணாடியில் கொத்துக் காகிதப்பூ.
பாதிரியார் பிளாஸ்டிக் வாளியில் ரோஜாவை நனைத்து
இன்ஜின் மேல் விசிறினார்.
எலியோதோரோ பீர் புட்டியைக் குலுக்கி
ஆறு சக்கரத்துக்கும் பீய்ச்சிவிட்டு
மிச்சத்தைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான்.
பத்தொன்பது வயது, என் கிளீனர்.

பூ, பீர், பட்டாசு, காணிக்கை எல்லாம் சேர்த்து
அறுநூற்று எண்பது பொலிவியானோ.
எல் ஆல்ட்டோ பட்டறையில் கேட்டது அறுநூற்று இருபது,
பின்சக்கர பிரேக் லைனிங்குக்கு.
"சிகரெட் தாள் மாதிரி ஆயிடுச்சு" என்றான் மெக்கானிக்.
இந்த நடை முடியட்டும் என்றேன்.
மாதா இருக்கிறாள் என்றேன்.
இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னேன்.

கணவாயிலிருந்து கரனாவிக்கு
சிமெண்டு ஏற்றி இறங்கிய விடியலில்
மூடுபனி இருந்தது, உண்மை.
சாலை ஈரம், அதுவும் உண்மை.
எதிரே வந்த பேருந்து நடுவில் வந்தது.
மூன்றையும் போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.
நான்கு வளைவுகளுக்கு முன்பே
கருகல் வாடை வந்ததை அவர் கேட்கவில்லை.
"என்னவோ தீயுது" என்றான் எலியோ.
நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

பள்ளத்துப் பக்கம் போகாமல்
மலைப் பக்கம் மோதிச் சாய்ந்தது வண்டி.
எனக்கு ஒரு பல்.
அவனுக்கு இடது கால், முழங்காலுக்குக் கீழே.

ஊரில் எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது.
மலைக்குப் பசி,
மறந்த கடனைத் தானே எடுத்துக்கொண்டது என்றார்கள்.
பாதிரியார் அவசரத்தில்
பின்பக்கம் தீர்த்தம் தெளிக்கவேயில்லை என்றாள் என் மனைவி.
தலையெழுத்து என்று தோளைத் தட்டினார் லாரிச் சங்கச் செயலர்.
வந்த கம்பளியையெல்லாம் வாங்கிப் போர்த்திக்கொண்டேன்.
கதகதப்பாகத்தான் இருந்தது.
ஒரு ராத்திரி மாதாவோடு சண்டைகூடப் போட்டேன்:
அறுநூற்று எண்பது வாங்கினாயே!

பதினெட்டாம் நாள் எலியோ வீட்டுக்குப் போனேன்.
அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.
கட்டிலடியில் இரண்டு செருப்பையும் துடைத்து
ஜோடியாகவே வைத்திருந்தாள் அவன் தாய் பாசிலியா.
கினோவா கஞ்சி ஒரு கிண்ணம் நீட்டி
அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள்:
"நீ என்ன பண்ணுவாய். மாதா சித்தம்.
உயிரை விட்டுவைத்தாளே."

தலையாட்டினால் போதும்.
கஞ்சி சூடாக இருந்தது.

"லைனிங் தேய்ந்திருந்தது" என்றேன்.
"எனக்குத் தெரியும்.
வாடை வருது என்று இவன் சொன்னான். நிறுத்தவில்லை நான்."

அவள் கத்தவில்லை.
கிண்ணத்தைத் திரும்ப வாங்கிப்
பானையிலேயே ஊற்றினாள்.
"இத்தனை நாளும் மாதாவை மன்னிக்கப் பாடுபட்டேன்.
இனி முதலிலிருந்து தொடங்கணும். போ."

லாரி இரும்பு விலைக்குப் போயிற்று.
இப்போது ஓட்டுவது வேறொருவர் வண்டி.
பாதிச் சம்பளத்தை மாதாமாதம்
அந்த வாசற்படியில் வைத்துவிட்டு வருகிறேன்.
கதவு திறந்ததில்லை. பணம் அங்கே கிடந்ததுமில்லை.

இறக்கம் தொடங்குமுன் ஓரம் கட்டி
அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
கிரீஸ் கையோடேயே சிலுவை போட்டுக்கொள்கிறேன்.
நெற்றியில் கறுப்பாக ஒட்டுகிறது.
சக்கரங்களைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்பதில்லை.

இந்த வண்டியிலும் ரேடியோ இருக்கிறது.
சில வளைவுகளில்
கை தானாக அதன் பக்கம் போகிறது.