பதினோராம் மில்லிமீட்டர்

மூக்கையூரில் நைலானுக்குப் பஞ்சமில்லை.
கரையில் கிடந்த கிழிந்த வலையைக் கழுவி
நறுக்கி உருக்கி
ஒன்றே முக்கால் மில்லி நூலாய் இழுத்தேன்.
நைலான் ஈரம் குடிக்கும்,
இந்தக் காற்றில் மொடாக்குடியாய்க் குடிக்கும்.
ஈரத்தோடு சூட்டு முனைக்குள் போனால்
பொரிகடலை போல் வெடித்துத் துப்பும்.
அதனால் கருவாட்டுத் தார்ப்பாயில்
நெத்திலிக்குப் பக்கத்தில் காயப்போட்டேன்.
என் மெஷினின் எலும்பெல்லாம்
இன்றும் லேசாய் நெத்திலி மணக்கும்.

மோட்டார்கள் நான்கும்
ராமநாதபுரம் பழைய சாமான் கடையில்
செத்த ஜெராக்ஸ் ஒன்றின் வயிற்றிலிருந்து எடுத்தவை.
முதல் உடம்பு வெறும் பிளைவுட்.
அந்தப் பலகை உடம்போடு எழுந்து நின்று
தன் உறுப்பைத் தானே ஒவ்வொன்றாய் அச்சிட்டு
பலகையைக் கழற்றி எறிய வேண்டும்.
பிறகு இன்னொரு மெஷினை ஈன வேண்டும்.
புராஜெக்ட் படிவத்தில் 'பயன்' என்ற கட்டத்தில்
'இன்னொன்று' என்று எழுதினேன்.
திருப்பி அனுப்பினார்கள்.
கையெழுத்தை மட்டும் திருத்தி
அதையே மறுபடி எழுதினேன்.

பதினாறு உறுப்பு மாறியாயிற்று.
கடைசிப் பலகை, மேல் மோட்டாரின் தாங்கி,
வியாழன் ராத்திரி விண்டு போனது.

தாங்கி இல்லாமல் மோட்டார் நிற்காது.
மோட்டார் நிற்காமல் தாங்கி பிறக்காது.

கீழக்கரையிலிருந்து நைனா போனில்:
கயிறு கட்டிப் பார்த்தியா?
கட்டினேன், நழுவுது.
டேப்?
சூட்டில் இளகுது.
அப்ப கை இருக்குல்ல ஜெசிந்தா, என்று சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை.

பதினொன்று நாற்பது.
கரண்ட்டை நம்பாமல் வல்லத்து பேட்டரியில் மாட்டி
மோட்டாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
நூற்றைம்பது அடுக்கு.
அடுக்குக்கு ஒன்றரை நிமிஷம், கொஞ்சம் குறைய.
முதல் பத்து அடுக்கில் நான் பிடித்திருந்தேன்.
நாற்பதுக்கு மேல் யார் யாரைப் பிடித்திருக்கிறோம்
என்பது தெரியவில்லை.
அதன் துடிப்பு முழங்கை வரை ஏறி
பல்லில் வந்து நின்றது.
மூக்கு அரித்தது. தோளில் துடைத்தேன்.
ஒரு கொசு
என் நிலைமை புரிந்து
நிதானமாகச் சாப்பிட்டது.

ஐம்பத்தைந்தாவது அடுக்கில்
இடது கட்டைவிரல் சுளுக்கிக்கொண்டது.
ஒரு நொடிதான்.
மெஷின் கவனிக்கவில்லை,
நகர்ந்த இடத்தின் மேலேயே
அடுத்த அடுக்கைப் போட்டுக்கொண்டு போயிற்று.

மூன்று மணிக்கு டெனிசன் அண்ணன் வந்தான்,
பேட்டரிக்கு.
வாசலில் நின்று வயரைப் பார்த்தான்,
என் கையைப் பார்த்தான்.
இன்னும் எத்தனை?
பதினாலு.
உட்கார்ந்துவிட்டான்.
வெளியே வல்லங்கள் ஒவ்வொன்றாய் உறுமிக் கிளம்பின.
யாருடையது எது என்று
சத்தத்தை வைத்தே அவனுக்குத் தெரியும்.
ஒவ்வொன்றுக்கும் விரலால் தரையைத் தட்டினான்.
ஆறு. ஏழு.
எட்டாவதுக்குத் தட்டவில்லை,
முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று இருபதுக்கு முடிந்தது.
சூடு தணியாத பேட்டரியைத் தோளில் போட்டு
ஓடினான்.
என்னால் விரலை விரிக்க முடியவில்லை.
மடங்கிய கையோடுதான் தாங்கியை எடுத்தேன்.

அடியிலிருந்து பதினோராம் மில்லிமீட்டரில்
ஒரு சின்ன நெளிவு.
கண்ணுக்குத் தப்பும். நகத்துக்குத் தப்பாது.
மாட்டியதும் மோட்டார் நின்றது,
மயிரிழை மேற்கே சாய்ந்து.
அன்றிலிருந்து அது அச்சிடும் சதுரமெல்லாம்
மயிரிழை சாய்ந்தே பிறக்கின்றன.
ஃபைலைத் திறந்து பார்த்தேன்.
அதில் எல்லாம் நேர்.

ஒரே ஒரு எண்ணை மாற்றினால் சரியாகிவிடும்
என்கிறான் நைனா.
தெரியும்.
எந்த வரியில் என்பதும் தெரியும்.

இரண்டாவது மெஷினுக்கு இன்னும் ஏழு உறுப்பு பாக்கி.
தார்ப்பாயில் நூல் காய்கிறது.