மூன்றாவது டப்

முதலில் உரசின.
சிமென்ட் தொட்டியின் சுவரில் விலாவைத் தேய்த்துத் தேய்த்து,
சொறி பிடித்த நாய் லாரி டயரில் தேய்ப்பதுபோல.
பிறகு மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடின.
முந்நூறு ஒரண்டா.
வருகிற ஞாயிறு கொளத்தூர் மார்க்கெட்டில்
கவரில் காற்று நிரப்பி ரப்பர் பேண்ட் போட வேண்டியவை.
ஒன்றைப் பிடித்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன்.
வெளுத்துப்போயிருந்தது.

கல்லுப்பு போட்டாயிற்று.
ஃபார்மலின் ஊற்றியாயிற்று, எரிந்தது என் கண்தான்.
"ரெட்டேரி பக்கம் எல்லா பண்ணையிலும் இதான்"
என்றான் தீவனக் கடை யோவான்,
ஆறுதல் மாதிரி.

மாதவரத்திலிருந்து நிலோஃபர் வந்தாள்.
ஆராய்ச்சி படிக்கிறவள்,
ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் மைக்ராஸ்கோப்.
துடுப்பை லேசாக வழித்துக் கண்ணாடியில் தடவி
"பாருங்கக்கா" என்றாள்.

கொக்கியால் பிடித்துக்கொண்டு
மற்ற முனையை ஆட்டிக்கொண்டிருந்தது,
பஸ் படியில் ஒற்றைக் கையில் தொங்குகிற பையன்.
"வயித்துல பாருங்க, குட்டி.
அந்தக் குட்டி வயித்துக்குள்ள இன்னொரு குட்டி.
பொறக்கும்போதே முழுகாம இருக்கும்."
எட்டு வருஷமாக மாத்திரை விழுங்குகிறவளிடம்
அவள் இதைச் சொன்னாள்.
தெரியாமல்தான்.
நான் கண்ணை எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

பையிலிருந்து குப்பியை எடுத்தாள்.
அடியில் பல்பொடி மாதிரி ஒரு சிட்டிகை.
தேனீ விஷம்.
புழல் தாண்டி மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர்
பெட்டி வைத்திருக்கிறாராம்.
பெட்டி வாசலில் கண்ணாடி, அதன்மேல் கம்பி,
கம்பியில் பேட்டரி கரன்ட்.
ரோஷத்தில் கண்ணாடியைக் கொட்டும்.
கொடுக்கு அதில் சிக்காது, அதனால் சாகாது.
காய்ந்ததும் பிளேடால் சுரண்டுவார்.

விலை கேட்டேன்.
சொன்னாள்.
மறுபடி கேட்டேன்.
விஷத்துக்கா?
மணலிக் காற்று இந்தப் பக்கம் திரும்பினால்
ராத்திரி ஜன்னல் வழியாகச் சும்மாவே வருமே.

மூன்று டப்.
டப்புக்குப் பத்து மீன்.
"புழு சாகுற அளவுக்கும் மீன் சாகுற அளவுக்கும்
நடுவுல ஒரு சந்து இருக்குக்கா.
அதத்தான் தேடுறேன்."
சந்து எனக்குத் தெரியும்.
என் வீட்டுக்கு வர
அவளே கண்ணாடியை மடக்கித்தான் வண்டியைத் தள்ளினாள்.

முதல் டப்பில் ஒன்றும் ஆகவில்லை.
புழுக்கள் ஆடிக்கொண்டே இருந்தன.
இரண்டாவதில் ராத்திரி பன்னிரண்டுக்குப் பார்த்தபோது
கொக்கி கழன்று அடியில் கிடந்தன,
மீன்கள் தீவனத்துக்கு வந்தன.
ஐந்து வந்தன. ஐந்து யோசித்தன.
மூன்றாவதில்
இரண்டு மணிக்குப் பத்தும் மல்லாந்தன.
ஒன்றை எடுத்துச் செவுளைப் பார்த்தாள்.
"சுத்தமா இருக்கு" என்றாள்.
ஒரு புழு இல்லை.
நாங்கள் இருவரும் சிரித்திருக்கக்கூடாது.

"இன்னும் மூணு தடவ செஞ்சாதான்
எங்க சார் நம்புவாரு."
அவளுக்கு மூணு தடவை.
எனக்கு ஞாயிறு.
மிச்சம் இருநூற்றெழுபது தொட்டியில்
வாயைத் திறந்து திறந்து மூடின.
அந்தக் குப்பியின் கணக்கில்
ஒரு மீனைக் காப்பாற்றுகிற காசுக்கு
நாற்பது மீன் வாங்கலாம்.
அவள் போனதும் உப்பு மூட்டையைப் பிரித்தேன்.

காலையில் தண்ணீர் குடிக்க வந்த தேனீ ஒன்று
விளிம்பில் வழுக்கி விழுந்தது.
சுற்றிச் சுற்றி இறக்கை அடித்தது.
நோயாளி ஒரண்டா ஒன்று மெதுவாக வந்து
வாய்க்குள் இழுத்தது,
துப்பியது,
திரும்பவும் இழுத்தது,
துப்பியது.
வலையை எடுக்கக் கை போனது.
யாரை அள்ளுவது என்று
கொஞ்சம் நின்றேன்.